கைரேகைக்கு ஜாதி கிடையாது

சென்னையிலிருந்து கல்கத்தா ரோட்டைப் பிடித்து வடக்கே போனால், ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் எளாவூர். செக்போஸ்ட் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். வடக்கிலிருந்து வருகிற லாரிகளுக்குத் தமிழ்நாட்டின் வாசல் மாதிரி. பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே இரும்பு ஆலைகளில் அனலுக்கு முன்னால் நிற்கிறவர்களில் பலர் பீகார், ஒடிசாப் பையன்கள்.

எளாவூர் அடங்கிய கும்மிடிப்பூண்டித் தொகுதியின் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.வாக இருந்தவர் சுதர்சனம். 2005 ஜனவரியில், பெரியபாளையம் பக்கம் தானாக்குளத்தில் இருந்த அவர் வீட்டுக்குள் ராத்திரியில் ஒரு கொள்ளைக் கும்பல் புகுந்தது. அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, நகைகளோடு மறைந்துபோனது.

மீதிக் கதை உங்களுக்கே தெரியும். 2017-ல் கார்த்தி நடித்து, எச். வினோத் இயக்கிய ‘தீரன் அதிகாரம் ஒன்று’ பார்த்திருப்பீர்களே!

விறுவிறுப்பான படம். சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கொள்ளையடித்தது ஒரு கும்பல். படமோ அவர்கள் பிறந்த பவாரியா இனத்தின் பூர்வீகத்தைத் தோண்டி, ‘குற்றப் பரம்பரை’ என்ற பழைய வார்த்தையையும் வெளியே எடுத்துப் போட்டது. அதாவது, தப்பு செய்தவன் நாலு பேர். முத்திரை மொத்த ஜனத்துக்கும்!

இந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது தெரியுமா? 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து. ஒரு இனத்தை அரசாங்கம் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும். அதில் பிறக்கிற குழந்தைகூடப் பிறவித் திருடன்! முதலில் வட இந்தியாவில்தான் இந்தச் சட்டம். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் என்று நம்மூர் ஜனங்களும் மாட்டிக்கொண்டார்கள். ஊரில் எவன் திருடினான், எவன் உழுதான் என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வந்து கைரேகை வை என்றார்கள்.

மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி அங்கே துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்துப்போனார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. நாடு முழுவதும் ஒழிந்தது 1952-ல்.

அதனால்தான் ‘தீரன்’ வந்தபோது முதலில் கொதித்தவர்கள் தமிழ்நாட்டின் சீர்மரபினர். தாத்தா காலத்துத் தழும்பு இல்லையா? தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

சரி, அந்த முத்திரை சினிமாவோடு நின்றதா? ம்ஹும். 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி வேளச்சேரியில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஐந்து பேரும் வடக்கேயிருந்து வந்தவர்கள். அடுத்து, வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவு. எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் பொதுவான உத்தரவுதான். ஆனால் வீட்டுக்காரர்களின் சந்தேகப் பார்வை யார் மேல் விழுந்தது என்று சொல்லவா வேண்டும்?

கடைசியாக ஒரு சங்கதி. சுதர்சனம் கொலை வழக்கில் அந்தக் கும்பலை மாநிலம் மாநிலமாகத் துரத்திப் பிடித்த தமிழ்நாடு போலீஸ் தனிப்படைக்குத் தலைமை தாங்கிய அதிகாரி யார்? எஸ்.ஆர். ஜாங்கிட். சொந்த மாநிலம்? ராஜஸ்தான்! திரையில் ஹீரோ பெயர் தீரன் திருமாறன். நிஜத்தில் கும்மிடிப்பூண்டிக்காரருக்கு நியாயம் தேடி அலைந்தவர் ஒரு வடக்கத்திக்காரர்.

அந்த வழக்கில் கைரேகையும் ஒரு முக்கியத் தடயம். பெருங்காமநல்லூரில் கேட்டதும் கைரேகைதான். ஒன்று, குற்றம் செய்தவனைத் தேடியது. இன்னொன்று, ஊரையே குற்றவாளி ஆக்கியது. சிப்காட்டில் வேலை முடித்து, ஒரு ரூம் கிடைக்குமா என்று கேட்டு வருகிற பையனை நாம் எந்தக் கணக்கில் பார்க்கப்போகிறோம்?