சாவித் துவாரத்தின் வழியே

வயிற்றைக் கிழிக்காமல் வயிற்றினுள்ளே பார்ப்பது எப்படி என்ற கேள்வி பழமையானது. 1806ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் பிலிப் போசினி என்பார், மெழுகுவத்தியின் ஒளியைக் குழாய் வழியே உடலினுள் செலுத்திப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். 1901இல் கெல்லிங் என்பவர் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, மூத்திரப்பையைக் காணும் குழாயை அதனுள் நுழைத்து உள்ளுறுப்புகளைக் கண்டார். 1910இல் ஸ்டாக்ஹோம் நகரத்து ஜேக்கோபேயஸ் மனிதரிடமும் அம்முறையைக் கையாண்டார். இவர்கள் பார்த்தார்களே அன்றி, உறுப்பை அறுத்து எடுத்தார்கள் அல்லர்.

அவ்வழியே மலக்குடற் புற்றுநோயை அகற்றும் முறை எவ்வாறு வந்தது என்பதே இன்று நான் சொல்லப் புகும் வரலாறு. அவ்வுறுப்பின் பெயரைச் சொல்ல நம் வீடுகளில் கூச்சப்படுவார்கள். மாணவர்களே, நீங்கள் கூச்சப்படாதீர்கள். கூச்சத்தால் நோயை மறைத்து, காலம் கடந்த பின் மருத்துவரிடம் சென்றோர் பலர்.

மலக்குடல் இடுப்பெலும்புகளுக்கு நடுவே, குறுகிய குழி ஒன்றில் கிடப்பது. மூத்திரப்பையும் நுண்ணிய நரம்புகளும் அதனை நெருங்கியுள்ளன. கை நுழைவதே கடினம். லண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் முதலில் கீழ்ப்புறமாக மட்டும் அறுத்து நோயை எடுத்து வந்தார். 57 பேருக்குச் செய்ததில் 54 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. தம் தோல்வியை எண்ணிக்கையோடு எழுதி வைத்த அம்மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன். நோய் மேல்நோக்கியும் பரவுகிறது என்று அத்தோல்வியிலிருந்து அவர் கண்டார். வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறமாகவும் அறுத்து, ஆசனவாயோடு மலக்குடல் முழுவதையும் அகற்றும் முறையை 1908இல் வெளியிட்டார். உயிர் பிழைத்தவர் வாழ்நாள் முழுதும் வயிற்றில் அமைத்த வாயின் வழியே மலம் கழிக்க வேண்டியதாயிற்று. 1982இல் ஆங்கில மருத்துவர் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையைக் கிழியாமல் ஒரே பொதியாக எடுத்தால் நோய் திரும்புவது மிகக் குறையும் என்று காட்டினார். அவ்வுறைக்குள்தான் நோய் ஒளிந்திருக்கும். எனவே வெட்டு வெளியே எவ்வளவு நீளம் என்பதைவிட, உள்ளே பொதி கிழியாமல் வந்ததா என்பதே கேள்வி.

இதற்கிடையில் கீல் நகரத்தில் கூர்ட் செம் என்னும் மகப்பேற்று மருத்துவர், 1980இல் சிறு துளைகளின் வழியே குடல்வாலை அறுத்தெடுத்தார். அவர் இத்தகைய முறைகளைப் புகுத்தத் தொடங்கியபோதே, அவருடைய மூளையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று உடன் பணியாற்றியோர் கேட்டார்களாம்! 1985இல் எரிச் மூஹே அதே வழியில் பித்தப்பையை எடுத்தார். மறு ஆண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாநாட்டில் அதனைச் சொன்னபோது அவரை மதிப்பாரில்லை. 1992இல் அதே சங்கம் அவருக்குப் பரிசளித்தது.

வரலாறு கற்பிக்கும் நாங்கள் இவ்விடத்தில் ஒரு பிழை செய்வதுண்டு. புதுமை செய்தவரை வீரராகவும், தயங்கியவரை மூடராகவும் வகுத்துப் பாடத்தை முடித்துவிடுவோம். நானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். புற்றுநோயின் கதை அப்பாடத்துக்கு இணங்குவதில்லை.

1991இல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸும் அவருடைய தோழர்களும் துளைகளின் வழியே பெருங்குடலின் பகுதிகளை அகற்றிய செய்தியை வெளியிட்டனர். வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, சிறு கேமராவை உள்ளே விட்டு, திரையில் பார்த்தபடி நீண்ட கருவிகளால் அறுப்பார்கள். அறுத்த குடலை ஒரு சிறு வெட்டின் வழியே வெளியே எடுப்பார்கள். வலி குறைவு, நோயாளி விரைவில் எழுந்து நடப்பார். ஆனால் கருவி நுழைந்த துளைகளிலேயே புற்று முளைத்ததாகச் செய்திகள் வரத் தொடங்கின. 1994இல் நெதர்லாந்து மருத்துவர் சிலர், தாங்கள் இம்முறையில் சிகிச்சை செய்த 14 பேரில் மூவருக்கு அவ்வாறு நேர்ந்ததென்று எழுதினார்கள். சின்னஞ்சிறு தழும்புக்காக உயிரைப் பணயம் வைப்பதா என்ற அச்சம் எழுந்தது. அவ்வச்சத்தை மூடத்தனம் என்று யார் சொல்ல இயலும்?

அந்த எச்சரிக்கையை எழுதியவர்களுள் ஒருவர் யாப் போன்யர். அவர் அம்முறையைக் கைவிடவுமில்லை, கண்மூடி ஏற்கவுமில்லை. 8 நாடுகளில் 30 மருத்துவமனைகளில், 2004 முதல் 2010 வரை, 1,044 மலக்குடற் புற்று நோயாளிகளைச் சேர்த்து, யாருக்கு எம்முறை என்பதைக் குலுக்கல் போல் பகுத்துச் சோதித்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். துளை முறையில் இரத்த இழப்பு 400 மில்லிலிட்டரிலிருந்து 200 ஆகக் குறைந்தது. அறுவை நேரமோ 188 நிமிடத்திலிருந்து 240 ஆக நீண்டது. மருத்துவமனையில் தங்கிய நாள் ஒன்றே ஒன்று குறைந்தது. 2015இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது இரு பிரிவிலும் நூற்றுக்கு ஐவருக்கே.

அத்துடன் விவாதம் ஓய்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அதே 2015இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தலைமையிடம் கொண்ட இரு சோதனைகளின் முடிவுகள் வந்தன. வெட்டியெடுத்த பொதியை ஆராய்ந்தபோது, துளை முறை திறந்த முறைக்குத் தாழ்ந்ததன்று என்று அவற்றால் நிலைநாட்ட இயலவில்லை. ஆராய்ந்தோர் அந்நோயாளிகளை விட்டுவிடாமல் கவனித்து வந்தனர். ஈராண்டுக் கணக்கை 2019இல் வெளியிட்டபோது, நோய் திரும்பியதில் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.