பட்டமளிப்பு அடுக்கு கேக்

பட்டமளிப்பு அடுக்கு கேக் என்பது, மாணவர் ஒருவர் பள்ளிப் படிப்பையோ பல்கலைக்கழகப் படிப்பையோ நிறைவு செய்ததைக் கொண்டாடும் விருந்தில் வெட்டிப் பரிமாறப்படும் அடுக்கு கேக் ஆகும். இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலாகக் காணப்படுகிறது. தட்டையாக வேகவைத்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் கிரீம், பழப்பாகு முதலியவற்றை நிரப்பி, வெளிப்புறம் முழுவதையும் ஐசிங்கால் மூடி இது செய்யப்படுகிறது. கேக் என்பதற்கு அணிச்சல் என்ற சொல்லும் தமிழில் ஆளப்படுவதுண்டு. எனினும் வீடுகளிலும் கடைகளிலும் கேக் என்பதே நிலைத்துவிட்டது.

செய்முறையில் இது பிறந்தநாள் கேக்கிலிருந்து வேறுபட்டதன்று. வேறுபாடு சூழலில் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் பட்டமளிப்பு விழாக்கள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நடைபெறுகின்றன. விருந்துகள் பல வீட்டுத் தோட்டத்திலோ கூடாரத்தின் கீழோ நடக்கின்றன. விருந்தினர் பிற்பகல் முழுவதும் வந்து செல்வதால் கேக் மணிக்கணக்கில் மேசைமீது இருக்க நேரிடுகிறது. நாளைத் தள்ளிப்போடவும் இயலாது. ஆகவே இவ்வகைக் கேக்கில் அலங்காரத்தை விட, அது வெயிலில் சரியாமல் நிற்பதும் உண்போருக்குத் தீங்கு விளைவிக்காதிருப்பதுமே முதன்மையானவை.

வரலாறு

அடுக்கு கேக்கின் வரலாறு பெரும்பாலும் மாவை உப்பச் செய்யும் பொருட்களின் வரலாறே ஆகும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றை ஒவ்வொரு பவுண்டு சேர்த்துச் செய்த கேக்கில் காற்றைப் புகுத்தும் ஒரே வழி கையால் அடிப்பதே. ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் நூல், அக்கலவையை ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறது. 1796இல் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் நூலில், மரச்சாம்பலிலிருந்து எடுக்கப்பட்ட பொட்டாசியம் கார்பனேட்டு மாவை உப்பச் செய்யப் பயன்படுத்தப்பட்டுள்ளது.

1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மருந்தாளர் ஆல்பிரட் பேர்ட், ஈஸ்ட் இல்லாத பேக்கிங் பவுடர் ஒன்றை உருவாக்கினார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒவ்வாமை இருந்ததே இதற்குக் காரணம். ஐக்கிய அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் எபன் நார்ட்டன் ஹார்ஸ்ஃபோர்டு, இதற்குரிய கால்சியம் பாஸ்பேட்டு அமிலப் பொருளுக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். 1870இல் சுழல் முட்டை அடிப்பான் ஒன்றிற்கும் அந்நாட்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. மெல்லிய, ஒரே சீரான உயரமுள்ள கேக்குகளைக் குறைந்த உழைப்பில் வேகவைக்க இவை வழிசெய்தன. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அமெரிக்கச் சமையல் நூல்களில் அடுக்கு கேக் பெருகியது தற்செயலானதன்று.

வட்டாரத்துக்கு வட்டாரம் இது வேறுபடும். அலபாமா மாநிலத்தின் கிளேட்டன் ஊரைச் சேர்ந்த எம்மா ரைலாண்டர் லேன் 1898இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற லேன் கேக், உலர்திராட்சையும் விஸ்கியும் சேர்ந்த நிரப்பியைக் கொண்டது. மேரிலாந்தின் ஸ்மித் தீவு கேக் எட்டு முதல் பத்து வரையான மெல்லிய அடுக்குகளைக் கொண்டது. 2008இல் இது அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ இனிப்பாக அறிவிக்கப்பட்டது. பெட்டியில் விற்கப்படும் ஆயத்தக் கேக் மாவு 1930களில் பிட்ஸ்பர்க் நகரில் தோன்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. அலங்காரக் கலை பரவியதில், டூயி மெக்கின்லி வில்ட்டன் 1929இல் சிகாகோவில் தொடங்கிய பயிற்சி வகுப்புகளுக்குப் பங்குண்டு.

கலவையும் வேகவைத்தலும்

அமெரிக்க வீடுகளில் நினைவில் வைத்துக்கொள்ள எளிதாக வழங்கும் அளவு, ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு கேக் எனப்படுவது. ஒரு கோப்பை வெண்ணெய் (227 கிராம்), இரண்டு கோப்பை சர்க்கரை (400 கிராம்), மூன்று கோப்பை சலித்த மாவு (ஏறத்தாழ 300 கிராம்), நான்கு முட்டைகள் என்பதே அந்த வரிசை. இவற்றுடன் ஒரு கோப்பை பால் (240 மி.லி.), ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது வனிலா ஆகியன சேரும். இவ்வளவு கலவை 23 செ.மீ. அகல வட்டத் தட்டுகள் இரண்டிற்கோ, 20 செ.மீ. தட்டுகள் மூன்றிற்கோ போதுமானது. மாவு புரதம் குறைந்ததாக இருத்தல் வேண்டும். புரதம் மிகுந்த மாவில் குளுட்டன் வலைப்பின்னல் இறுகிக் கேக் ரொட்டிபோல் ஆகிவிடும்.

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெயில் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிய குமிழிகளைத் தோற்றுவிப்பதில்லை. ஏற்கனவே உள்ள அறைகளைக் கரியமில வாயுவால் பெரிதாக்குகிறது. இதனால்தான் வெண்ணெயின் வெப்பநிலை முக்கியமாகிறது. ஏறத்தாழ 18 முதல் 20 பாகை செல்சியசில் அது விரலுக்கு இளகும், ஆனால் பளபளக்காது. உருகிய வெண்ணெய் காற்றைத் தாங்காது. குளிர்ந்த முட்டையைச் சேர்த்தால் கலவை திரிந்துவிடும். பின்னர் மாவையும் பாலையும் மாறிமாறிச் சேர்த்து, மாவு மறையும் அளவுக்கு மட்டுமே கலக்க வேண்டும்.

தட்டின் அடியில் வெண்ணெய்த் தாள் இட்டு, ஓவன் எனப்படும் வெதுப்பியில் 175 பாகை செல்சியசில் 25 முதல் 35 நிமிடங்கள் வேகவைப்பர். வெந்த கேக்கின் நடுப்பகுதி 95 முதல் 99 பாகை வரை வெப்பமடைந்திருக்கும். தட்டின் விளிம்பு முதலில் சூடாவதால் ஓரம் விரைவில் இறுகி, நடுப்பகுதி குவிந்து எழுகிறது. நனைத்த துணிப்பட்டையைத் தட்டைச் சுற்றிக் கட்டினால் இக்குவிவு பெரிதும் குறையும். கடையில் இதற்கென விற்கும் பட்டையைவிடப் பழைய பருத்தித் துண்டு குறைவாக வேலை செய்வதில்லை.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் போன்ற நகரங்களில் காற்றழுத்தம் குறைவு. அங்கு வாயு மிகையாக விரிந்து, கேக் எழுந்து பின் நடுவில் அமுங்கிவிடும். எனவே பேக்கிங் பவுடரை எட்டில் ஒரு பங்கு முதல் கால்பங்கு வரை குறைப்பர்.

தட்டின் அளவை மாற்றும்போது பலர் ஏமாறுகின்றனர். 20 செ.மீ. வட்டத்தின் பரப்பு 314 சதுர செ.மீ.; 30 செ.மீ. வட்டத்தின் பரப்பு 707 சதுர செ.மீ. அகலம் ஒன்றரை மடங்கே கூடினாலும் கலவை இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும்.

அடுக்குதல்

வெந்த கேக்கைத் தட்டிலேயே 10 நிமிடம் விட்டு, பின்னர் கம்பி வலைமீது கவிழ்த்து முற்றிலும் ஆறவிட வேண்டும். சூடு சிறிதளவு எஞ்சியிருந்தாலும் ஐசிங் இளகி அடுக்குகள் வழுக்கத் தொடங்கும். வீட்டில் செய்வோர் விருந்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே கேக்கை வேகவைத்து, காற்றுப் புகாமல் சுற்றி உறைபெட்டியில் வைப்பது வழக்கம். உறைந்த கேக் உதிராது என்பதால் மேற்பகுதியைச் சமன் செய்வதும் அடுக்குவதும் எளிதாகின்றன. முதல் நாளே ஐசிங் பூசி முடித்துவிட்டால், விருந்து நாள் காலையில் மேசைக்குக் கொண்டுசெல்லும் வேலை மட்டுமே இருக்கும்.

பற்கள் கொண்ட நீண்ட கத்தியால் குவிந்த மேற்பகுதி சீவப்படுகிறது. முதல் அடுக்கின் விளிம்பில் கெட்டியான ஐசிங்கை வரப்புபோல் பிழிந்து, அதனுள் எலுமிச்சைக் கூழ் அல்லது ராஸ்பெர்ரிப் பாகு நிரப்பப்படும். வரப்பு இல்லையெனில் மேலடுக்கின் எடையால் நிரப்பி பிதுங்கி, பக்கங்களில் வயிறுபோல் புடைப்பு உண்டாகும். கடைசி அடுக்கைக் கவிழ்த்து வைத்தால், தட்டின் அடியில் இருந்த சமதளம் மேலே வரும். உதிரும் துகள்களைப் பிடித்துவைக்க மெல்லிய முதற்பூச்சு ஒன்று இட்டு, 20 முதல் 30 நிமிடம் குளிரவைத்த பின்னரே இறுதிப்பூச்சு இடப்படும்.

பெரிய கேக்கின்மீது சிறிய கேக்கை வைப்பதாயின் ஐசிங்கை நம்புதல் கூடாது. மேல் கேக் தனி அட்டைமீது இருக்க வேண்டும். கீழ்க் கேக்கில் செருகிய குச்சிகள் அவ்வட்டையைத் தாங்க வேண்டும். குச்சிகள் யாவும் ஒரே உயரத்தில் வெட்டப்படாவிட்டால் கோபுரம் சாய்ந்துவிடும்.

ஐசிங்கும் வெப்பமும்

மிக எளியது அமெரிக்கப் பட்டர் கிரீம். இது ஒரு பங்கு வெண்ணெயுடன் எடையில் இரு பங்கு ஐசிங் சர்க்கரை சேர்த்து அடிக்கப்படுகிறது. இனிப்பு மிகுதி என்பது இதன்மீதுள்ள நியாயமான குறை. சுவிட்சர்லாந்து முறையில் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் நீராவிமேல் 71 பாகை வரை சூடாக்கப்பட்டு, நுரைக்க அடிக்கப்பட்டு, ஆறியபின் வெண்ணெய் சேர்க்கப்படுகிறது. இத்தாலிய முறையில் 115 முதல் 118 பாகை வரை காய்ச்சிய சர்க்கரைப் பாகு, நுரைத்த வெள்ளைக்கருவில் ஊற்றப்படுகிறது. பின்னவை இரண்டும் வழுவழுப்பானவை, இனிப்பு குறைந்தவை.

ஆயினும் இம்மூன்றிலும் உள்ள வெண்ணெய் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். தோட்டத்து விருந்தில் இது கடும் சிக்கலாகும். எனவே வெண்ணெயில் ஒரு பகுதிக்கு மாற்றாகத் தாவரக் கொழுப்பைச் சேர்ப்பர். சுவை சற்றுக் குறைந்தாலும் வடிவம் நிலைக்கும். பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்கள் பாதுகாப்பானவை அல்லவென ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் முடிவு செய்தது. 2018 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே இக்கொழுப்புகளின் சேர்க்கை மாற்றப்படலாயிற்று என்பதால், பழைய குறிப்புகளில் உள்ள அளவு இன்றைய கொழுப்புக்கு அப்படியே பொருந்துவதில்லை.

கிரீம் சீஸ் ஐசிங், அடித்த பாலாடை, முட்டைக் கூழ் ஆகியன எளிதில் கெடுபவை. இத்தகைய உணவைக் குளிர்பெட்டிக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைத்தல் கூடாது என்பது ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் இவ்வரம்பு 1 மணி நேரமாகக் குறைகிறது. நாள் முழுவதும் நீளும் விருந்தில், காட்சிக்குச் சிறிய கேக் ஒன்றை மேசையில் வைத்து, பரிமாறுவதற்குரியதைக் குளிர்பெட்டியில் வைத்தெடுப்பது நல்ல ஏற்பாடு.

அலங்காரம்

பட்டதாரியின் பெயர், ஆண்டு, பள்ளி அல்லது கல்லூரியின் நிறங்கள், சதுரத் தொப்பி, சுருட்டிய சான்றிதழ் ஆகியனவே வழக்கமான அலங்காரங்கள். ஐக்கிய அமெரிக்காவில் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் 1895இல் வகுக்கப்பட்ட கல்லூரிகளுக்கிடையேயான விதிகளால் ஒரு சீருக்கு வந்தன. தொப்பியைச் செய்ய, சர்க்கரை மாவை மெல்லியதாக உருட்டிச் சதுரமாக வெட்டி, ஓரிரு நாள் உலரவிடுவர். ஈரம் போகாத சதுரம் ஐசிங்மீது வைத்ததும் மூலைகளில் தொங்கிவிடும். தொப்பியின் குஞ்சத்திற்கு அதே மாவை நூலாகக் கிழித்துப் பயன்படுத்தலாம்.

பள்ளி நிறங்கள் பெரும்பாலும் அடர்ந்தவை என்பதால் இடர்ப்பாடு எழுகிறது. கருநீலம் அல்லது அடர்சிவப்பைப் பெற மிகுதியான சாயம் தேவை. அது கசப்பதோடு விருந்தினரின் பற்களிலும் உதடுகளிலும் படிந்து, ஒளிப்படங்களில் தெரியும். சாயமிட்ட ஐசிங் சில மணி நேரத்தில் மேலும் அடர்வதால், விரும்பிய நிறத்துக்குச் சற்று முன்னரே நிறுத்திவிடுவது நன்று. கறுப்பு வேண்டின் சாக்லேட் ஐசிங்கிலிருந்து தொடங்கலாம். வெண்ணிறப் பரப்பில் எழுத்துகளுக்கும் ஓரங்களுக்கும் மட்டும் பள்ளி நிறத்தை இடுவதே பார்வைக்கும் நாவுக்கும் ஏற்றது. பெயரை முதலில் தாளில் எழுதிப் பார்த்து, அகலம் பொருந்துகிறதா என அளந்தபின் பிழிவது பயனுள்ளது. நீண்ட பெயர்களின் கடைசி எழுத்துகள் ஓரத்தில் நெருக்கியடிப்பதைப் பல கேக்குகளில் காணலாம்.

எரித்ரோசின் என்னும் சிவப்புச் சாயத்தை உணவில் பயன்படுத்துவதற்கான இசைவை ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 சனவரியில் நீக்கியது. உற்பத்தியாளர்களுக்கு 2027 சனவரி வரை காலம் தரப்பட்டது.

இதனினும் கவனிக்க வேண்டியவை பொன், வெள்ளி மினுக்குப் பொடிகள். 2018இல் ரோட் தீவு மாநிலத்தில், உலோகப் பொடி பூசிய பிறந்தநாள் கேக்கை உண்ட சிறுவர்கள் வாந்திக்கு ஆளாயினர். அப்பொடியில் செம்பு மிகுதியாக இருந்தது. 2019இல் மிசூரி மாநிலத்தில், கேக் அலங்காரப் பொடியிலிருந்து ஒரு குழந்தையின் உடலில் ஈயம் சேர்ந்தது கண்டறியப்பட்டது. நச்சற்றது என்று மட்டும் உறையில் எழுதியிருந்தால் அது உணவுப்பொருள் என்று பொருளாகாது. உண்ணத்தக்க பொடியின் உறையில் சேர்பொருட்களின் பட்டியல் இருக்கும்; அது இல்லாத பொடி கழற்றி எடுக்கும் அலங்காரங்களுக்கே உரியது.

வெட்டுதலும் விற்பனையும்

23 செ.மீ. அகலமுள்ள இரண்டடுக்கு கேக் 12 முதல் 16 பேருக்குப் போதுமானது. விருந்தினர் மிகுதியாயின் பெரிய கேக்கை உயர்த்திக் கட்டுவதைவிட, அதே கலவையில் நீள்சதுரத் தட்டுக் கேக்குகளைக் கூடுதலாகச் செய்து உள்ளிருந்து பரிமாறுவது எளிது. கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து வெட்டினால் அடுக்குகள் கலையாமல் தெரியும். முட்டை, பால், கோதுமை, கொட்டைப் பருப்பு ஆகியவற்றில் எவை சேர்ந்துள்ளன என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கேக்கின் அருகே வைப்பதும் நல்ல வழக்கம்.

வீட்டில் செய்த கேக்கை விலைக்கு விற்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் மாநிலந்தோறும் தனி விதிகள் உள்ளன. கலிபோர்னியாவில் இதற்கான சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய விற்பனைக்கு இடமளித்த கடைசி மாநிலம் நியூ ஜெர்சி. அங்கு 2021இல் தான் இசைவு கிடைத்தது. பல மாநிலங்களின் விதிகளில், குளிர்பெட்டியில் வைக்கவேண்டிய நிரப்பிகள் கொண்ட கேக்குகளுக்கு இசைவு இல்லை. ஆதலால் வீட்டு வெதுப்புநரிடம் பட்டமளிப்பு கேக் வாங்குவோருக்கு, பெரும்பாலும் பட்டர் கிரீமும் பழப்பாகும் கொண்ட கேக்கே கிடைக்கும்.