மூன்று சொடுக்குத் தூரம்

பாடத்திட்டம் என்றால் பரீட்சைத் தேதியும் மார்க் கணக்கும் போட்ட ஏதோ ஆபீஸ் காகிதம் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. எதைப் படி என்று சொல்லும்போதே எதைப் படிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிற பிரதி அது. அமெரிக்காவில் இந்தப் பிரதி இணையத்தில் ஊர் பார்க்க வந்த கதையை இரண்டு முனைகளிலிருந்து சொல்லலாம்.

ஒன்று மேலிருந்து வந்தது. 2009இல் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அரசுக் கல்லூரிகளின் இளநிலைப் பாடத்திட்டங்கள் இணையத்தில் இருக்க வேண்டும். நடத்துகிறவர் எங்கே படித்தார், என்ன எழுதினார் என்கிற விவரமும் கூடவே இருக்க வேண்டும். கல்லூரியின் முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று சொடுக்குக்கு மேல் போகக் கூடாது. கடவுச்சொல் கேட்கக் கூடாது. இதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை. அந்த மாநிலத்தில் அரசுக் கல்லூரியில் எந்த இளநிலைப் பட்டம் வாங்கினாலும் அரசாங்கம், அரசியலமைப்பு பற்றி ஆறு செமஸ்டர் மணிநேர அளவுள்ள பாடம் கட்டாயம். ஆக, அரசியல் விஞ்ஞானம் நடத்துகிறவர் எல்லோர் கண்ணிலும் படுகிறவர். ஃபூக்கோ எழுதிய கண்காணிப்புக் கோபுரத்தில் காவலாளி நிஜமாகவே இருக்கிறானா என்பது பிரச்சினையே இல்லை. இருப்பான் என்று கைதி நினைத்தால் போதும். பட்டியலில் ஒரு நூலைச் சேர்க்கப்போகும் கை ஒரு கணம் தயங்குமே, சட்டத்தின் உற்பத்தி அந்தத் தயக்கம்தான்.

இன்னொன்று தெருவில் தொடங்கியது. 2014 ஆகஸ்ட் 9 அன்று மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரௌன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஊரே கொந்தளித்தது, பள்ளிகள் திறப்பது தள்ளிப்போனது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த மார்சியா சாட்டலெய்ன், முதல் நாள் வகுப்பில் ஃபெர்குசனைப் பேசுங்கள் என்று ட்விட்டரில் சக ஆசிரியர்களைக் கேட்டார். 'ஃபெர்குசன் பாடத்திட்டம்' என்ற அடையாளச் சொல்லின் கீழ் நூல், கட்டுரை, பாட்டு, படம் என்று யார் யாரோ கொண்டுவந்து கொட்டினார்கள். துறைத்தலைவர் கையெழுத்தா? பாடக்குழுவின் ஒப்புதலா? ஒன்றும் கிடையாது.

இந்த வேகத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2016 ஜூனில் 'கிரானிக்கிள் ஆஃப் ஹையர் எஜுகேஷன்' பத்திரிகை ட்ரம்ப்பைப் புரிந்துகொள்ள ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. இனவெறியைப் பேசாமல் ட்ரம்ப்பைப் பேச முடியுமா? ஆனால் அந்தப் பட்டியலில் கறுப்பின அறிஞர்களுக்கு இடமில்லை என்று கண்டனம் எழுந்தது. வரலாற்றாசிரியர்கள் கானலியும் கெய்ஷா பிளெய்னும் அதே மாதத்திலேயே மாற்றுப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்து 'பப்ளிக் புக்ஸ்' இதழில் போட்டார்கள். திறந்து வைத்திருந்ததால்தான் அந்த ஓட்டை தெரிந்தது. பீரோவுக்குள் கிடந்திருந்தால் அதுவே 'தரமான' பட்டியலாக இருபது வருஷம் ஓடியிருக்கும்.

அப்படியானால் திறப்பதே முற்போக்கு என்று முடிவு கட்டிவிடலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதே மிசௌரியில், அதே 2014 ஆகஸ்டின் கடைசி வாரத்தில், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆசிரியர் பயிற்சியை மதிப்பிடுகிற ஒரு வெளி அமைப்பு, தகவல் சட்டத்தைக் காட்டி மாநிலப் பல்கலைக்கழகத்திடம் பாடத்திட்டங்களைக் கேட்டிருந்தது. பாடத்திட்டம் ஆசிரியரின் படைப்பு, பதிப்புரிமை அவருடையது, தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். அதாவது ஒரு பக்கம் ஆசிரியர்கள் தாமாகவே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த மாதத்தில், இன்னொரு பக்கம் கேட்டவனுக்கு இல்லை என்று கதவு சாத்தப்பட்டது. இரண்டுமே எனக்கு நியாயமாகத்தான் படுகின்றன. சக ஆசிரியரிடம் நீட்டுவதும், மதிப்பெண் போட வந்தவனிடம் ஒப்படைப்பதும் ஒன்றாகுமா என்ன?

திரும்பவும் டெக்சாஸ். 2025 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, இன, பாலினக் 'கருத்தியலை' முன்வைக்கும் பாடங்களுக்கு முன் ஒப்புதல் வேண்டும் என்று விதி செய்தது. பாடத்திட்டங்கள் பரிசீலனைக்குப் போயின. 2026 ஜனவரியில் அங்கே தத்துவப் பேராசிரியர் ஒருவரிடம், நீக்கு, இல்லாவிட்டால் வேறு வகுப்புக்குப் போ என்றார்கள். நீக்கச் சொன்னவற்றில் பிளேட்டோவின் 'விருந்து' உரையாடலின் பகுதிகளும் இருந்தன. வகுப்புகள் தொடங்கச் சில நாட்களே இருந்தன.