கடல் கொண்ட சரக்கும் கலத்தோர் கடமையும்

சீவக சிந்தாமணியில், பொருளீட்டித் திரும்பும் வணிகன் சீதத்தனின் மரக்கலம் புயலில் மூழ்குகிறது. அது கலுழவேகன் ஏவலால் தரன் காட்டிய மாயமே. கலமும் பொருளும் பின்னர்ப் பழுதின்றிக் கிடைக்கின்றன. திருத்தக்கதேவர் தந்த இவ்வாறுதல் மெய்யுலக வணிகர்க்கு வாய்ப்பதில்லை. கடல் கொண்ட பொருளின் இழப்பை யார் தாங்குவது என்னும் வினா மிகப் பழையது.

முற்காலத்தில், உடைந்த கலத்தினின்று கரை ஒதுங்கிய சரக்கை அந்நாட்டரசர் கவர்ந்துகொள்வதுண்டு. ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளித் துறையில் காகதிய மன்னர் கணபதிதேவர் 1244-45இல் பொறித்த கல்வெட்டு இவ்வழக்கை நீக்கிற்று. முன்னை அரசர் பொன், யானை, குதிரை, மணி முதலியவற்றைப் பறித்தனர் என்றும், தாம் கடலோடும் வணிகர்பால் இரங்கி, உரிய சுங்கமன்றி வேறெதுவும் கொள்வதில்லை என்றும் அது கூறுகிறது. கொடாததைக் கொள்ளாமை என்னும் நம் அணுவிரதம் அரசாணையாய்க் கல்லில் நின்றது எனலாம்.

சரக்கை ஏற்றிச் சென்றவர் பொறுப்பு யாது? பழைய ஆங்கிலப் பொதுச்சட்டம், இயற்கைப் பேரிடர், பகைவர் செயல் முதலிய சில நீங்கலாக, இழப்பு முழுவதையும் அவர்மீதே சுமத்திற்று. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் உரிமையாளர்கள், தாம் வழங்கும் ‘பில் ஆப் லேடிங்’ என்னும் சரக்குச் சீட்டிலேயே விலக்குகளை அடுக்கி அப்பொறுப்பினின்று நழுவினர். இரு தரப்புக்கும் நடுவாக 1924 ஆகஸ்டு 25இல் புருசெல்சு நகரில் ஹேக் விதிகள் கையொப்பமாயின. மறு ஆண்டே இந்தியா அவற்றைக் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமாக்கியது. நூறாண்டு நிலவிய அச்சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது, அடிப்படை மாறவில்லை.

அவ்வடிப்படை எளிது. பயணம் தொடங்குமுன் கலத்தைக் கடலுக்குத் தகுதியாக்க உரிய முயற்சி செய்தல், சரக்கைக் கவனத்துடன் காத்தல் ஆகியன ஏற்றிச் செல்வோர் கடமை. இவற்றில் தவறின் அவர் ஈடு தரவேண்டும். கடலிடர்க்கும் மாலுமியின் செலுத்தற்பிழைக்கும் அவர் பொறுப்பாகார். ஈட்டுத்தொகைக்கும் வரம்புண்டு, சரக்கின் மதிப்பை முன்னரே சீட்டில் குறித்திருந்தால் அவ்வரம்பு தடையாகாது.

2025 மே 25இல் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் கப்பல் 640 கொள்கலன்களுடன் கேரளக் கடலில் மூழ்கியது. கரை ஒதுங்கியவற்றைத் தொடலாகாது என அரசு மக்களை எச்சரித்தது. மோட்டுப்பள்ளி வினா இன்றும் பழையதாகிவிடவில்லை.

மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் உருவாகும் வாகன உறுப்புகள் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்கள் வழியே கடல் கடக்கின்றன. இத்தொழில்களில் ஈடுபட்டுள்ள நம் இல்லத்து இளைஞர்கள் மூன்றை மறவாதிருப்பாராக: சரக்குச் சீட்டைப் படித்தே ஏற்றல்; வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல்; ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்தல். சட்டம் ஈடுசெய்யாத இழப்புக்குக் காப்பீடே துணை.

பிறர் பொருளைக் கையேற்றவன் அதனைத் தன் பொருள்போற் காக்கவேண்டும் என்னும் அறமே இச்சட்டங்களுக்கெல்லாம் வேராகும்.