புகையைக் கண்டு நெருப்பைத் தேடிய கதை
மழைக்காட்டுத் தீயும் துணைக்கோள்களும்

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. நம் தருக்க நூலார் அனுமானம் என்னும் அளவையைக் கற்பிக்கப் புகுந்தபோது, முதல் எடுத்துக்காட்டாகக் கொண்டதும் இதுவே. மலைமேல் புகை தெரிகிறது; ஆகவே அங்கே தீ உண்டு; அடுக்களையில் அவ்விரண்டும் சேர்ந்திருக்கக் கண்டோமாதலின் என்று அவர்கள் முறைப்படுத்துவர். மணிமேகலையிலும் இவ்வெடுத்துக்காட்டு வருகிறது. கண்டது ஆவியா, பனியா, புகையா என்னும் ஐயம் தீராமல் தீ உண்டெனத் துணிவது குற்றம் என்னும் எச்சரிக்கையும் அங்கேயே உண்டு.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோருக்கு இஃது ஏட்டுப் பாடமன்று. கடல் கடந்து வந்த புகை பள்ளிக்கூடங்களை மூட வைத்த ஆண்டுகள் பல. புகை வந்தது கண்கூடு. நெருப்பு எங்கே இருந்தது? அதை மூட்டியவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிய முயற்சியே, வானிலிருந்து காட்டுத் தீயைக் கண்டறியும் கலையை இவ்வட்டாரத்தில் வளர்த்தது எனலாம்.

காலம் கடந்து அறிந்த பெருந்தீ

மழைக்காடு இயல்பில் எரிவதன்று. மேலே கவிந்த இலைக்கூரை வெயிலைத் தடுக்கிறது. கீழே ஈரம் காய்வதில்லை. ஆயினும் வெட்டுமரத் தொழில் பெருமரங்களைச் சாய்த்தபின் கூரை பிளக்கிறது. விட்டுச் சென்ற கிளைகளும் சருகுகளும் விறகாய்க் காய்கின்றன. 1982இல் எல் நீன்யோ என்னும் பசிபிக் கடல் வெப்பமாற்றத்தால் போர்னியோவில் மழை பொய்த்தது. வறட்சி 1983 வரை நீடித்தது. கிழக்குக் கலிமந்தானில் சுமார் 35 இலட்சம் ஹெக்டேர் நிலம் தீயால் தாக்குண்டது. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்பதை நினைவிற் கொண்டால் இதன் பரப்பு விளங்கும். சபா மாநிலமும் அத்தீக்குத் தப்பவில்லை.

இத்துணைப் பெரிய தீயின் அளவை உலகம் அப்போதே அறியவில்லை. மழை வந்து தீ அணைந்தபின், வானூர்தியிலும் தரையிலும் சென்று பார்த்தே அறிந்தனர். புனம் எரித்துப் பயிரிடும் தாயாக் மக்கள்மீதே பலரும் பழி சுமத்தினர். ஆனால் மரம் வெட்டப்பட்ட காடுகளே மிகக் கடுமையாக எரிந்தன என்பதும், தீண்டப்படாத காடு பெரும்பாலும் தாக்குப்பிடித்தது என்பதும் ஆய்வில் தெரியவந்தன.

வியப்பு என்னவெனில், அத்தீயைக் காணவல்ல கண் அப்போதே வானில் இருந்தது.

மேகம் பார்க்கப் போன கண்

1978 அக்டோபரில் அமெரிக்கா டைரோஸ்-என் என்னும் வானிலைத் துணைக்கோளை ஏவியது. அதைத் தொடர்ந்து நோவா வரிசைத் துணைக்கோள்கள் சென்றன. அவற்றிலிருந்த கதிர்வீச்சுமானியின் வேலை மேகத்தையும் கடல் வெப்பத்தையும் அளப்பது. தீயைத் தேடுவது அதன் நோக்கத்தில் இல்லை.

ஆனால் அதன் அலைவரிசைகளுள் ஒன்று 3.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு உரியது. இதன் சிறப்பை அறியச் சிறிது பௌதிகம் வேண்டும். எல்லாப் பொருளும் கதிர் வீசுகிறது. சூடு ஏற ஏறக் கதிரின் உச்சம் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகரும் என்பது 1893இல் ஜெர்மன் அறிஞர் வீன் கண்ட விதி. 27 பாகை வெப்பமுள்ள சாதாரணத் தரையின் உச்சம் 10 மைக்ரோமீட்டர் அளவில் அமையும். 500 பாகையைத் தாண்டிய நெருப்பின் உச்சமோ 4 மைக்ரோமீட்டருக்குக் கீழே வந்துவிடும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுமார் 525 பாகைத் தீ, 11 மைக்ரோமீட்டரில் தரையைப்போல் 20 மடங்கு அளவே கதிர் வீசும், 3.7 மைக்ரோமீட்டரிலோ ஏறத்தாழ 3000 மடங்கு வீசும். துணைக்கோள் படத்தின் ஒரு கட்டம் தரையில் 1.1 கிலோமீட்டர் சதுரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எரிந்தாலும் போதும்: 3.7 அலைவரிசையில் அக்கட்டம் நான்கு மடங்குக்கு மேல் ஒளிரும். 11 அலைவரிசையில் மாற்றம் தெரிவதே அரிது. இரண்டையும் ஒப்பிட்டால் கட்டத்தைவிடப் பன்மடங்கு சிறிய தீயும் அகப்பட்டுவிடும்.

1981இல் மைக்கேல் மாட்சன், ஜெப் டோசியர் என்னும் இருவர் இதை மெய்ப்பித்தனர். பாரசீக வளைகுடாவின் எண்ணெய் வயல்களில் எரியும் வாயுச் சுடர்களையும் அமெரிக்க எஃகு உலைகளையும் வானிலைப் படங்களில் இனங்கண்டனர். இரவுக் காட்டில் தொலைவிலிருந்து சுள்ளித் தீயை அறிவதுபோல், கருவி தன் கண்ணுக்கு அடங்காத சிறு நெருப்பையும் அறிந்தது.

அமேசானில் எண்ணிய தீ

இம்முறையை மழைக்காட்டின்மேல் பெரிய அளவில் கையாண்டது பிரேசில் நாட்டு விண்வெளி ஆய்வுக் கழகம். அங்கு ஆல்பெர்ட்டோ செட்சர் தலைமையில் 1987ஆம் ஆண்டு வறட்சிக் காலத்துப் படங்களை ஆராய்ந்தனர். அமேசான் வட்டாரத்தில் சுமார் 3,50,000 தீக்கள் எண்ணப்பட்டன. எரிந்த பரப்பு 2 கோடி ஹெக்டேர். அதில் 80 இலட்சம் ஹெக்டேர் அடர்காடு என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

உலகம் திடுக்கிட்டது. பிரேசில் அரசு 1988இல் காடு காக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. 1989இல் சுற்றுச்சூழலுக்கெனத் தனி நிறுவனம் தோன்றியது. அந்த எண்களுக்கு இத்துணை வலிமை இருந்தது.

ஆனால் எண்கள் சரியா? பின்வந்த ஆய்வாளர் ஐயுற்றனர். நோவா கருவியின் 3.7 அலைவரிசை சுமார் 50 பாகையிலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் எத்தனை சூடாயினும் ஒரே அளவையே காட்டும். ஆகவே சிறு தீயும் கட்டம் முழுவதும் எரியும் பெருந்தீயும் அதன் முன் ஒன்றே. வெயிலில் காய்ந்த வெறுந்தரையும் தீயென மயக்கக்கூடும். சூடான கட்டம் முழுவதையும் எரிந்ததாகக் கொண்டால் கணக்கு வீங்கும். தரைவள நுண்படங்களைக் கொண்டு பின்னர் அளந்தபோது, 1978 முதல் 1988 வரை அமேசானில் அழிந்த காடு ஆண்டுக்குச் சராசரி சுமார் 20 இலட்சம் ஹெக்டேர் என்றே தெரிந்தது. அழிவு மெய், அளவு மிகை. தீ இருக்கிறதா என்பதை அறிவது வேறு, எவ்வளவு எரிந்தது என்பதை அறிவது வேறு என்னும் பாடத்தை அறிவியலார் இவ்வாறு கற்றனர்.

1997: யார் நெருப்பு?

1997இல் எல் நீன்யோ மீண்டது. சுமத்திராவும் கலிமந்தானும் எரிந்தன. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

இம்முறை கண்கள் விழித்திருந்தன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு மையம், பிரெஞ்சு நாட்டு ஸ்பாட் துணைக்கோளின் நுண்படங்களில் புகைத்தாரை ஒவ்வொன்றையும் அது கிளம்பும் அடிவரை தொடர்ந்து பார்த்தது. அவ்வாண்டு சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த நிலம் சுமார் 45 இலட்சம் ஹெக்டேர் என அம்மைய அறிஞர்கள் மதிப்பிட்டனர்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. தீப்புள்ளிகளின் வரைபடத்தை நில உரிமை வரைபடத்தின்மேல் பொருத்தினர். புள்ளிகள் பல, செம்பனைத் தோட்டங்களுக்கும் காகிதக்கூழ் மரக் காடுகளுக்கும் ஒதுக்கிய நிலத்தில் விழுந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் இந்தோனேசிய வனத்துறை அமைச்சு, தீமூட்டியதாக ஐயுற்ற 176 நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டது. 1983இல் புனக்காட்டு ஏழைமேல் சென்ற விரல், இப்போது வேறு திசையிலும் திரும்பியது.

கூர்மையான கண்கள்

பிறகு, தீயைக் காண்பதையும் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்ட கருவிகள் வந்தன. 1999 டிசம்பரில் டெர்ரா, 2002 மேயில் அக்குவா என்னும் துணைக்கோள்கள் மோடிஸ் என்னும் கருவியைத் தாங்கிச் சென்றன. அதன் 4 மைக்ரோமீட்டர் அலைவரிசை ஒன்று சுமார் 225 பாகை வரை நிரம்பாது. பழைய குறை பெரிதும் நீங்கிற்று. பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டு, சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடாயிருந்தால் மட்டுமே தீயெனக் கொள்ளும் முறையும் செம்மைப்பட்டது. 2011இல் ஏவிய சுவோமி துணைக்கோளின் வியர்ஸ் கருவி 375 மீட்டர்க் கட்டமாகக் கூர்மை பெற்றது. ஜப்பானின் ஹிமாவரி-8, 2015 முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இவ்வட்டாரத்தைப் படம் பிடித்தது. நிலநடுக்கோட்டுக்கு மேல் மிக உயரத்தில் நின்று பார்த்ததால் அதன் கட்டம் பெரிது, சிறு தீ தப்பிவிடும்.

கண்ணுக்குத் தப்புவன

எத்துணைக் கூர்மையாயினும் தப்புவன உண்டு. மெல்லிய புகையை அகச்சிவப்புக் கதிர் ஊடுருவும், மேகத்தை ஊடுருவாது. மழைக்காட்டு வானமோ மேகம் மலிந்தது. துணைக்கோள் கடந்துபோன பின் மூட்டி, அடுத்தது வருமுன் அணைந்த தீ பதிவாகாது. இலைக்கூரையின் கீழ்ச் சருகில் ஊர்ந்து செல்லும் தாழ்ந்த தீ, மெல்லிய பட்டையுள்ள மரங்களைக் கொன்றுவிட்டும் மேலே தெரியாமற் போகலாம். எல்லாவற்றினும் கொடியது மலாயில் தானா கம்புட் எனப்படும் கரிச்சதுப்பு மண். வாய்க்கால் வெட்டி நீர் வடித்தபின் அம்மண்ணே எரிபொருளாகி அடியில் வாரக்கணக்கில் கனலும். மேற்பரப்பில் சூடு குறைவு. புகையோ மிக அதிகம். இவற்றின் மறுபுறம், எரிமலையும், எண்ணெய் வயற்சுடரும், வெயிலில் தகிக்கும் தகரக் கூரையும் தீயென்று பொய் சொல்லக்கூடும்.

ஆகவே துணைக்கோள் காட்டும் புள்ளியைத் தீ என்னாது வெப்பப்புள்ளி என்றே அறிஞர் வழங்குவர். புகை கண்டு தீயை ஊகித்த இடத்தில் இன்று வெப்பம் கண்டு தீயை ஊகிக்கிறோம். ஊகம் கூர்மை பெற்றது. ஊகம் என்னும் இயல்பு மாறவில்லை.

வழக்குமன்றத்தில் ஓர் அனுமானம்

2013 ஜூனில் சிங்கப்பூரில் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. மூவாரில் அது 746 ஆயிற்று. மூவாரிலும் லேடாங்கிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு சிங்கப்பூர் நாடாளுமன்றம் எல்லை கடந்த புகைமூட்டத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. துணைக்கோள் தகவலும் காற்றின் திசையும் புகை அந்நிலத்துத் தீயிலிருந்து வந்ததெனக் காட்டினால், அவ்வாறே கொள்ளலாம் என்று அது கூறுகிறது. அன்றென மறுத்து நிறுவும் உரிமையையும் அது குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு அளிக்கிறது.

தருக்க நூலாரின் எடுத்துக்காட்டு சட்டமாகவே வந்து நிற்கக் காண்கிறோம். புகையிலிருந்து தீ, தீயிலிருந்து நிலம், நிலத்திலிருந்து உரிமையாளர் என்று அனுமானம் படிப்படியாய் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் பிழை நேரலாம். புள்ளி விழுந்த நிலத்துக்கு உரியவரே மூட்டினார் என்பதில்லை. பக்கத்து நிலத்துத் தீ தாவியிருக்கலாம். பிழைபட்டால் ஒருபுறம் குற்றமற்ற சிறு குடியானவன் தண்டிக்கப்படுவான். மறுபுறம் பெருங்குற்றவாளி மேகத்தின் மறைவில் தப்புவான். புள்ளி விழுந்த இடத்துக்கு ஆள் நடந்து சென்று, சாம்பலைத் தொட்டுப் பார்த்து, அக்கம்பக்கத்தாரைக் கேட்டறிவது இன்றும் தேவையாய் இருப்பது இதனாலேயே. வானத்துக் கண் எங்கே போகவேண்டும் என்று சொல்லும், போகவேண்டியவர் மனிதரே.