க்ரோவி: கடலுக்குப் பக்கச்சுவர் காட்டும் ஊர்

வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோதுதான் க்ரோவி கண்ணில் பட்டது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, அபர்டீன்ஷயரில், மோரே வளைகுடாவை ஒட்டிய குட்டி மீனவ ஊர். செங்குத்தான சரிவு, அதன் காலடியில் ஒரே ஒரு வரிசை வீடுகள், நாலு எட்டு வைத்தால் கடல். அவ்வளவுதான் ஊர்.

படத்தை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பெரும்பாலான வீடுகள் கடலைப் பார்த்து நிற்கவில்லை. பக்கச்சுவரைத்தான் கடலுக்குக் காட்டுகின்றன. கடல் பார்த்த ஜன்னலுக்கு இன்று கூடுதல் காசு கொடுக்கிறோம். இவங்க ஏன் இப்படிக் கட்டினாங்க?

காரணம் காற்று. அகலமான முன்சுவரைக் காற்றுக்குக் காட்டினால் அடி முழுவதையும் அது வாங்கும். குறுகிய பக்கச்சுவர் என்றால் அடி குறைவு. கூடவே இட நெருக்கடி. வீடுகளுக்கு முன்னால் ஒரு நடைபாதைதான். கார் போகாது. சாமான்களைத் தள்ளுவண்டியில்தான் கொண்டுபோக வேண்டும்.

சரி, இவ்வளவு சிரமமான இடத்தில் ஏன் குடியேற வேண்டும்? இங்கேதான் கதை மாறுகிறது. இது யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த இடம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில உரிமையாளர்களுக்கு ஆட்டுப் பண்ணை லாபமாகத் தெரிந்தது. உள்நாட்டில் உழுது பிழைத்த குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். அப்படி வந்தவர்கள்தான் க்ரோவியின் ஆரம்பகால மக்கள். நிலம் போச்சு, கையில் படகு வந்தது. அந்தப் படகும் நிலக்காரருடையதுதான்.

ஆனாலும் பழகிக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஹெர்ரிங் மீன் அலையில் இந்தக் கரை முழுக்கப் பிழைத்தது. பிறகு படகுகள் பெரிதாகின, நீராவிக்கு மாறின. அவற்றுக்கு ஆழமான துறைமுகம் தேவை. க்ரோவியில் இருந்ததோ சின்னத் துறை. தொழில் மெல்ல மக்டஃப், ஃப்ரேசர்பர்க் பக்கம் நகர்ந்தது.

கடைசி அடி 1953 ஜனவரி 31. பிரின்சஸ் விக்டோரியா கப்பலை மூழ்கடித்ததும், நெதர்லாந்தில் 1,836 பேரைப் பலிகொண்டதும் அதே புயல்தான். க்ரோவியில் நடைபாதை அரித்துப் போனது, வீடுகள் சிதைந்தன. பலர் ஊரைக் காலி செய்தார்கள், திரும்பி வரவில்லை.

"புயலால் அழிந்த மீனவ ஊர்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. எங்க வேலையில், சர்வர் படுத்துவிட்டால் கடைசியாக வந்த எரரை மட்டும் பார்த்துவிட்டு லாகை மூட மாட்டோம். மேலே போய்த் தேடுவோம். க்ரோவியின் லாகில் மேலே போனால் துறைமுகம் வருகிறது, இன்னும் மேலே போனால் ஆட்டுப் பண்ணை வருகிறது. புயல் கடைசி வரி மட்டுமே.

இன்று அந்த வீடுகளில் பெரும்பாலானவை விடுமுறை வாடகை வீடுகள். வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள் கட்டிய வீட்டில், அழகாக இருக்கிறதே என்று காசு கொடுத்து ஒரு வாரம் தங்குகிறார்கள். அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்த்தால் கடலைப் பார்க்காதீர்கள், பக்கச்சுவரைப் பாருங்கள்.