பிழிதலின் வரலாறு

துணி துவைப்பதில் எது கடினம் என்று துவைத்துப் பழகிய எவரையும் கேட்டுப் பாருங்கள். பிழிவதுதான் என்பார்கள். நீரில் ஊறிய ஒரு போர்வையை முறுக்கிப் பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆயினும் சலவை இயந்திரத்தின் வரலாற்றில் துவைக்கும் தொட்டிக்குக் கிடைத்த கவனம், பிழியும் தொட்டிக்குக் கிடைக்கவில்லை.

மின்சாரம் துவைக்கத் தொடங்கிய பிறகும் நெடுங்காலம் பிழிவது மனிதக் கைகளின் வேலையாகவே இருந்தது. 1948இல் வேல்ஸின் மெர்த்தர் டிட்வில் நகரில் ஹூவர் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய இயந்திரத்திலும், கையால் சுற்றும் இரு ரப்பர் உருளைகளே பிழியும் கருவி. மின்சாரத்தால் சுழலும் உருளைகளோ வேறுவகை ஆபத்து. துணியோடு விரல்களும், சில வேளைகளில் குழந்தைகளின் கைகளும் உள்ளே போயின. மருத்துவ நூல்களில் அக்காயத்துக்குத் தனிப்பெயரே உண்டு.

உருளைகளுக்கு மாற்று அமெரிக்காவில் 1920களிலேயே தோன்றிவிட்டது. துளையிட்ட கலத்தில் ஈரத்துணியை இட்டு அதிவேகமாகச் சுழற்றினால் நீர் தானே வெளியேறும். இந்த முறையை வீட்டு இயந்திரத்தில் கொண்டுவந்தவர்களுள் ஒன்று ஸாவேஜ் என்னும் துப்பாக்கி நிறுவனம் என்பது வரலாற்றின் விநோதம். பின்னர், சிராக்யூஸ் நகரின் ஈஸி நிறுவனம் இரண்டு தொட்டிகளை அருகருகே வைத்தது. ஒன்று துவைக்கும்போதே மற்றொன்று பிழியும்.

பிரிட்டனில் இரட்டைத் தொட்டி பரவியது 1950களின் இறுதியில். அதன் சிக்கனம் அங்கிருந்த இல்லத்தரசிகளுக்கு உகந்ததாயிருந்தது. வெள்ளைத் துணிகளை முதலில் துவைத்து, பிழிந்த சோப்பு நீரை மீண்டும் முதல் தொட்டிக்கே செலுத்தி, அதே வெந்நீரில் வண்ணத் துணிகளைத் துவைக்கலாம். நிரந்தரக் குழாய் இணைப்பும் தேவையில்லை. சக்கரங்களில் உருட்டிவந்து சமையலறைக் குழாயில் ரப்பர்க் குழாயை மாட்டினால் போதும்.

ஆனால் கடை விலை எளியவர்களுக்கு எட்டவில்லை. 1958இல் தவணைமுறை விற்பனை மீதான அரசுக் கட்டுப்பாடுகள் நீங்கின. லண்டன் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஜான் புளூம் என்ற இளைஞர், கடைகளைத் தவிர்த்து, செய்தித்தாள் விளம்பரம் வழியாகவும் வீடு தேடிச் செல்லும் விற்பனையாளர்கள் வழியாகவும் ஏறக்குறைய பாதி விலைக்கு இரட்டைத் தொட்டி இயந்திரங்களை விற்றார். சவரக்கத்தி செய்துவந்த ரோல்ஸ் ரேஸர் நிறுவனம் அவர் கையில் சலவை இயந்திர நிறுவனமாக மாறியது. பெரிய நிறுவனங்களும் விலையைக் குறைக்க நேர்ந்தது. விளம்பரச் செலவும் விலைப்போரும் அழுத்த, 1964 ஜூலையில் ரோல்ஸ் ரேஸர் வீழ்ந்தது. அதன் பங்குகளை வாங்கியவர்கள் பணத்தை இழந்தனர். புளூம் 2019இல் காலமானார்.

முழுத் தானியங்கிகள் வந்தபின் ஐரோப்பாவில் இரட்டைத் தொட்டி ஏறத்தாழ மறைந்தது. 'செமி ஆட்டோமேட்டிக்' என்ற பெயரில் அது நம்மூர்க் கடைகளில் இன்றும் விற்கிறது. குழாயில் எந்நேரமும் நீர் வராத வீடுகளில் குடத்தால் ஊற்றியும் அதை இயக்கலாம். ஈரத்துணியை ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு அள்ளிப் போடும் வேலை மட்டும் இன்னும் கைகளுக்குத்தான். பெரும்பாலும் அவை பெண்களின் கைகள்.